பாட்டும் பேரும்

பிறர் துயரத்திலே பிறந்த பாட்டைக் கேட்டு நாம் இன்புறுவது அறமாகுமா? வகுப்பறையிலே நாட்டார் பாடல்களைப் பயிற்றும் ஆசிரியரும், அவற்றை ஏட்டிலே குறித்துக்கொள்ளும் மாணவரும் என்றேனும் ஒருநாள் எதிர்நோக்க வேண்டிய வினா இது. நாம் அதனை எதிர்நோக்கியது தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வாசலிலே.

மட்டக்குளியிலே களனி கங்கை கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை நாள்தோறும் கண்டு வாழும் நமக்கு, அந்நீர் வரும் வழியே மேல்நோக்கிச் செல்ல வேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக இருந்தது. மோட்டார் சைக்கிளில் தனியாகவே புறப்பட்டோம். அவிசாவளை, எட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை எனச் சிற்றூர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மலையிலிருந்து கொழும்புக்கு இறங்குவது நீர் மட்டுமன்று. 1883 முதல் கொழும்பிலே ஏலம் போடப்பட்டு வரும் தேயிலையும் அங்கிருந்தே இறங்குகிறது. இவை போதாவென்று, மலையகத்துப் பாடல்களையும் திரட்டிக்கொண்டு இறங்கவே நாம் ஏறினோம்.

தலவாக்கலைக்கு அப்பால், ஒரு லயத்திலே வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் நமக்காகப் பாடினார். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் வந்தன. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே மாண்டுபோன முன்னோரின் நினைவும் வந்தது. நாம் சொக்கிப்போய் எழுதிக்கொண்டிருந்தோம். பாடி முடித்தவர் கேட்டார்: “பாட்ட எழுதிக்கிட்டீங்க, சரி. யாரு பாடுனது, எதுக்குப் பாடுனதுன்னும் எழுதுவீங்களா, தம்பி?”

நம்மிடம் விடை இல்லை. அவருடைய பெயரைக்கூட நாம் அதுவரை கேட்டிருக்கவில்லை.

தோட்டத்திலே ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலை கணக்கிலே ஏறுவதே பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடில் ‘அரைப் பேர்’. உழைப்புக்கு அரைப் பேராவது கிடைத்தது; அவ்வுழைப்பிலே பிறந்த பாட்டுக்கோ அதுவும் இல்லை.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே, பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே ‘புளூஸ்’ என்னும் இசை வளர்ந்தது. 1903 அளவில், டட்வைலர் என்னும் சிற்றூரின் புகைவண்டி நிலையத்திலே, கிட்டார்த் தந்திகளின்மேல் கத்தியை அழுத்தி ஒருவர் பாடக் கேட்டதாக டபிள்யூ. சி. ஹாண்டி எழுதினார். பின்னர் ஹாண்டி ‘புளூஸின் தந்தை’ எனப் புகழப்பட்டார். அவரும் கறுப்பினத்தவரே. ஆயினும் அன்று பாடியவரின் பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது. அதே மாநிலத்திலே, 1962இல் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்ற குற்றத்துக்காக, ஃபன்னி லூ ஹேமர் என்ற பெண்மணி தாம் 18 ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பாட்டைக் கேட்க உலகம் ஆயத்தமாயிருந்தது. பாடியவரின் வாக்கை எண்ணவோ ஆயத்தமாயில்லை.

நம் நாட்டில் நடந்தது வேறா? மலையகப் பாடல்களைத் தேடித் தொகுத்த ஸி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. அம்மக்களை எவரும் கேட்கவில்லை. இதில் அரசை மட்டும் குறைகூறித் தப்பிவிட முடியாது. ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல் தமிழ்ச்சொல் அன்றோ? அதை வழங்கிய வாய்களும் தமிழ் வாய்களே.

ஆயின், இன்புறுவதே பாவம் என்று முடிவு கட்டலாமா? கூடாது. பாடியவர் தாமும் பாடி மகிழ்ந்தவர். கங்காணியின் முதுகுக்குப் பின்னே அவனை நையாண்டி செய்து சிரித்தவர். அம்மக்களிடம் துயரத்தை மட்டுமே காண்பதும் அவர்களைக் குறைத்துக் காண்பதே. ஆகவே குற்றம் இன்பத்திலன்று. பாட்டை அதன் காரணத்திலிருந்து அறுத்தெடுப்பதிலே உள்ளது. வேர் அறுத்த கொழுந்து விலைபோகும். ஆனால் அதைப் பார்த்துச் செடி எங்கே நின்றதென்று எவரும் கேட்கமாட்டார்.

கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்று தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டுள்ளது. நல்ல முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் அருங்காட்சியகம் இறந்த காலத்துக்கு உரியது. லயங்களிலோ இன்றும் மனிதர் வாழ்கின்றனர். நிலமும் வீடும் தமக்குரியவை என்று சொல்ல இயலாத குடும்பங்கள் இன்றும் பல. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் மீண்டும் நடந்தபோது, அவர்கள் கேட்டது இரக்கத்தையன்று. தம் வரலாற்றுக்கான ஏற்பையும் உரிமையையுமே.

கேட்டவன் கடன்பட்டவன். அக்கடனைப் பாராட்டுரையால் தீர்க்க முடியாது. பாடியவரின் பெயரைப் பாட்டோடு சேர்த்து எழுதுவது முதற்படி. பாட்டைப் பயிற்றும் அதே மணித்தியாலத்தில் 1948ஐயும் சம்பளத்தையும் கூரையையும் பயிற்றுவது இரண்டாவது. அம்மக்கள் தம் உரிமைக்காக எழும்போது அவர்கள் பக்கத்தில் நிற்பது மூன்றாவது.

அன்று திரும்புமுன் அம்மையாரின் பெயரைக் கேட்டு, பாட்டின் தலைப்பிலே எழுதிக்கொண்டோம். முழுப் பேராகவே எழுதினோம். அவருடைய இசைவு பெறாததால் இங்கே அதை வெளியிடவில்லை. முதற்படியில் மட்டுமே கால் வைத்திருக்கிறோம் என்பதை நாம் அறிவோம்.