தொப்புள்கொடிச் சாட்சியம்

தாய்க்குக் கேடு வந்தாலும் கருவிலுள்ள பிள்ளைக்கு வராது, நஞ்சுக்கொடி காத்துவிடும் என்றுதான் மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. (நம் மொழி அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்!)

ஜப்பானின் மினமாட்டாவில் அந்த நம்பிக்கை உடைந்தது. சிஸ்ஸோ ஆலைக் கழிவின் மெத்தில் பாதரசம் கடலுக்குப் போய், மீனுக்குப் போய், கர்ப்பிணி வழியாகக் கருவை அடைந்தது. மீனே தின்றறியாத குழந்தைகள் மூளை பாதிக்கப்பட்டுப் பிறந்தார்கள். பெற்றவளுக்கோ பெரும்பாலும் லேசான அறிகுறிகள்தாம். என் நஞ்சையும் பிள்ளை வாங்கிக்கொண்டது என்றார் ஒரு தாய். 1956இல் நோய் வெளிப்பட்டும், ஆலை 1968 வரை நிறுத்தவில்லை.

பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானியக் குடும்ப வழக்கம். மருத்துவர் ஹராடா மசஸுமி அவற்றைத் திரட்டிச் சோதிக்கச் செய்தார். பாதரசம் அதில் இருந்தது. பாசத்தில் எடுத்துவைத்த கொடி, ஆலைக்கு எதிரான சாட்சியமானது.

இன்று கர்ப்பிணிகளுக்குச் சொல்கிறார்கள்: பாதரசம் மிகுந்த பெரிய மீன்களைத் தவிருங்கள். நல்ல அறிவுரைதான், நானும் சொல்வேன். ஆனால் அதில் கொட்டியவன் காணாமல் போகிறான், தின்றவள் மட்டும் மிஞ்சுகிறாள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் மாமியார் முதல் மருத்துவர் வரை அவளிடம்தான் கேட்பார்கள், என்ன சாப்பிட்டாய் என்று. கடலையே நம்பி அடுப்பு எரியும் வீட்டில் அவள் வேறு எதைச் சாப்பிட்டிருக்க முடியும்?