சக்தியும் தடையும்

ஒரு பொருளின் சக்தி அப்பொருளின் ஸ்வரூபமேயா, அன்றி அதனின் வேறாக எண்ணத்தக்க ஒன்றா என்பதும், கண்ணுக்குப் புலப்படாத அச்சக்தியை எவ்வழியால் அறிவது என்பதும் பாரத தேசத்துத் தருக்க சாஸ்திரிகள் நூற்றாண்டுக்கணக்காக வாதிட்ட விஷயங்கள். ஓலைச்சுவடிகளை முன்வைத்து அவர்கள் நடத்திய அந்த வாதம் இன்றைக்குத் திருகோணமலையில், கொட்பே மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த பற்றரிக் கடைகளில், எண்ணெயும் அசிட்டும் ஊறிக் கறுத்த பலகைகளின்மேல் புதிதாக எழுப்பப்படுகிறது. எழுப்புகிறவர்களுக்குத்தான் தாங்கள் ஒரு தத்துவ விசாரத்தில் இறங்கியிருக்கிறோம் என்ற நினைவு இருப்பதில்லை.

ஆழ்கடலில் பல நாட்கள் தங்கித் தொழில் செய்யும் ஒரு வள்ளத்தின் இயந்திரத்தை முடுக்கிவிடுவதும், இரவில் விளக்கெரிப்பதும், கரையோடு பேசும் றேடியோவையும் திசையறிவிக்கும் கருவியையும் இயக்குவதும் ஈயமும் அமிலமும் கொண்ட சாதாரண பற்றரிகளே ஆதலால், மாரிக்காலம் நெருங்கும்போது அவற்றின் ஆயுளைப் பற்றிய கவலை வள்ளக்காரருக்கு உண்டாவது இயல்பு. கடைக்காரப் பிள்ளை பற்றரியின் ஈயக் குமிழ்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சிவப்புக் கவ்வியை ஒன்றிலும் கறுப்புக் கவ்வியை மற்றதிலும் மாட்டி, மேலே ஒட்டியுள்ள சீட்டிலிருக்கும் இலக்கத்தைக் கையடக்கமான ஒரு கருவியிலே பதிகிறான். சில விநாடிகளில் கருவி தன் தீர்ப்பை ஒரு சிறு காகித நறுக்கிலே அச்சிட்டுத் தள்ளுகிறது.

“தம்பி, இது இந்த மாரிக்குத் தாங்குமோ?”

“மிசின் நல்லது எண்டுதான் சொல்லுது, அண்ணை. கடலுக்கை போய் என்ன செய்யுமெண்டு அது சொல்லாது.”

இந்தப் பதிலிலே ஒரு பிரமாண விசாரமே, அதாவது அறியும் வழிகளைப் பற்றிய ஆராய்ச்சியே, அடங்கியிருக்கிறது. பற்றரியின் இயல்பைச் சற்றே அறிந்துகொண்டால் அது விளங்கும்.

1859ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே அமைத்த மூல வடிவத்திலிருந்து இன்றுவரை இப்பற்றரியின் தத்துவம் மாறவில்லை. ஈயத் தகடும் ஈய ஒட்சைட்டுத் தகடும் நீர்த்த கந்தகாமிலத்தில் தோய்ந்திருக்க, மின்சாரத்தைக் கொடுக்குந்தோறும் இருவகைத் தகடுகளின்மேலும் ஈய சல்பேற்று படிகிறது. அமிலம் தன் வீரியத்தை இழந்து தண்ணீரை நெருங்குகிறது. சார்ஜ் ஏற்றும்போது இவ்வளவும் தலைகீழாகத் திரும்புகிறது. ஆகவே அமிலத்தின் அடர்த்தியே நெடுங்காலம் பற்றரியின் நாடியாக இருந்தது. நிறைந்த நிலையில் தண்ணீரைப் போல் ஏறத்தாழ 1.265 மடங்கும், வறிய நிலையில் ஏறத்தாழ 1.12 மடங்கும் கனமுள்ள அந்தத் திரவத்தைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, உள்ளே மிதக்கும் அளவுகோலைக் கண்ணால் பார்த்தார்கள். மூடி முத்திரையிட்ட பற்றரிகள் வந்தபின் அந்த நாடியைத் தொட வழியில்லாமற் போயிற்று.

வோல்ற்றளவைப் பார்த்தால் போதாதா எனின், போதாது. ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ற் காட்டி நிறைகுடம்போல் நிற்கும் பற்றரி, இயந்திரத்தை முடுக்கும் கணத்திலே எட்டு வோல்ற்றுக்குச் சரிந்து கைவிடுவதுண்டு. அதனாலேதான் பழைய தொழிலாளர் கனத்த சுமையொன்றைப் பூட்டி, சீட்டிலே குறித்த குளிர்முடுக்க மின்னோட்டத்தின் பாதியைப் பதினைந்து விநாடிகள் இழுத்துப் பார்த்து, வோல்ற்றளவு 9.6க்குக் கீழே இறங்காதாயின் நல்லதென்று முடிவு கட்டினார்கள். இது பிரத்தியட்சம், அதாவது நேர்க் காட்சி; ஆனால் செலவுள்ள பிரத்தியட்சம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக் கீத் சாம்பிளின் 1970களில் வகுத்த முறையோ மிகச் சிறிய மாறுமின்னோட்டம் ஒன்றை உள்ளே அனுப்பி, பற்றரி அதை எவ்வளவு இலகுவாகக் கடத்துகிறது என்பதை அளந்து, அதிலிருந்து அதன் திறனை ஊகிக்கிறது. இன்றைய மின்னணுச் சோதனைக் கருவிகளிற் பல இந்த வழியிலே வந்தவை. அவை தருவது காட்சியன்று, அனுமானம்.

இனிப் பழைய வாதத்துக்கு வருவோம். எரிகின்ற நெருப்பின் அருகே ஒரு குறித்த மணியைக் கொண்டுவந்தால் நெருப்பின் உருவம் மாறாமலே அதன் சுடுதல் மட்டும் நின்றுவிடும் என்பது அக்காலத்தார் ஒப்புக்கொண்ட உதாரணம். கண்ணுக்குத் தோன்றும் நெருப்பு அப்படியே இருக்க, காரியம் மாத்திரம் நிகழவில்லையாகையால், நெருப்பின் ஸ்வரூபத்துக்கு வேறாக, கண்ணுக்குப் புலப்படாத சக்தியொன்று உண்டென்றும், மணி தடுத்தது அதனையே என்றும் அவர்களுள் மீமாஞ்சை மதத்தினராகிய மீமாஞ்சகர் கூறினர். மீமாஞ்சகருள் ஒருவராகிய பிரபாகரர் சக்தியைத் தனிப் பதார்த்தமாகவே எண்ணினார். நியாய மதத்தினராகிய நையாயிகர் இதை ஏற்கவில்லை. ஈசுவரன் உண்டென்று நிறுவ எழுதிய நியாயகுசுமாஞ்சலி என்னும் நூலிலேயே அவர்களுள் ஒருவராகிய உதயணர் இந்தத் தனிச் சக்தியை மறுத்து, நெருப்போடு தடையின்மையும் சேர்ந்ததே சுடுதலுக்குக் காரணம், மணி வந்தபோது தடையின்மை என்னும் அங்கம் குறைந்தது, அவ்வளவே; வேறொரு சக்தியைக் கற்பிப்பானேன் என்று கேட்டார்.

12.6 வோல்ற் காட்டியும் இயந்திரத்தை அசைக்காத பற்றரி, அந்த மணியருகிலிருந்த நெருப்பின் நேரான உதாரணமன்றோ? மின்னணுக் கருவி எவர் பக்கம் சாட்சி சொல்லுகிறது என்று கேட்டால், மேலோட்டத்தில் நையாயிகர் பக்கமே என்று தோன்றும். ஏனெனில் அது அளப்பது சக்தியை அன்று, தடையை. தகடுகளில் இறுகிய சல்பேற்றும், அரித்துப்போன ஈயச் சட்டமும், தளர்ந்த இணைப்பும் மின்னோட்டத்துக்குச் செய்யும் எதிர்ப்பு எவ்வளவென்று பார்த்து, தடை குறைவாயிருத்தலால் சக்தி நிறைவாயிருக்கும் என்று அது கொள்ளுகிறது. இயந்திரத்தை ஒரு கணம் முடுக்குவதற்கு இந்த அனுமானம் பெரும்பாலும் பொருந்தும். விடியவிடிய விளக்கெரிப்பதற்கு எத்தனை அம்பியர்-மணி நேரம் உள்ளே இருக்கிறது என்ற கேள்விக்கு அது உறுதியான விடையாகாது. அந்த அளவை ஐயமற அறிய வேண்டுமானால் பற்றரியை மணிக்கணக்காக இறக்கி முடிக்க வேண்டும். அப்படி இறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுளில் ஒரு துளி கழிகிறது. முழுதும் அறிந்த வேளையில் அறியப்பட்ட பொருள் கையில் இராது.

அதற்கும் மேலே ஒரு சிக்கலுண்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பது நம்மவர் பழமொழி. இந்தச் சட்டியிலோ, எவ்வளவு வரும் என்பது அகப்பையின் வேகத்தையும் பொறுத்தது. விரைந்து இழுத்தால் மொத்தத்தில் குறையவும், மெல்ல இழுத்தால் மிகுதியாகவும் கிடைக்கும் என்னும் நியதியை ஜெர்மானியராகிய பொய்க்கர்ட் 1897இல் சூத்திரமாக வகுத்தார். இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் இதே திருகோணமலைத் துறைமுகத்தில் ‘அடமன்ற்’ என்னும் தாய்க்கப்பலை அண்டி நின்ற பிரித்தானிய நீர்மூழ்கிகளின் மாலுமிகளுக்கு இது உயிரோடு சம்பந்தப்பட்ட பாடம். நீருக்கடியில் அவற்றை நகர்த்தியவை ஈய-அமில பற்றரிகளே. முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரமளவில் வற்றிப்போகும் அந்தப் பற்றரி, ஊர்ந்து சென்றால் ஒரு நாளைக்கு மேலும் தாங்கும். இவ்வளவுதான் சக்தி என்று ஓர் எண்ணைச் சொல்ல இயலாது. கேட்கிறவன் கேட்கும் முறையும் அந்த எண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. தடையின்மையை மட்டும் கணக்கிட்டுச் சக்தியைத் தள்ளிவிட்ட நையாயிகரை இந்த இடத்தில் மீமாஞ்சகர் மறுபடி மறித்து நிற்கலாம்.

காட்சி, அனுமானம், நம்பத்தக்கோர் வாக்காகிய ஆப்தவாக்கியம் என்னும் மூன்று அளவைகளும் போதும் என்று சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் வரையறுத்தார். சக்தியையும் தடையையும் பற்றியோ, அச்சித்தாந்தத்தின் கொள்கைப்படி ஆன்மாவுக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் சக்திகள் இயல்பாகவே உள்ளன. அவை இல்லாமற் போனவை அல்ல, மலத்தினால் தடைப்பட்டவை. மலங்களுள் ஒன்றாகிய கன்மம் செய்த செயல்களின் எச்சமாகச் சேருவது. பற்றரியில் சல்பேற்றுப் படிவதும் வெளியிலிருந்து வந்த பகையால் அன்று. கொடுத்தலின் எச்சமே அது. கொடுத்தவுடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து மீளும். வெறுமையாகவே வாரக்கணக்கில் போட்டுவைத்தால் பளிங்குபோல் இறுகி, பின்பு எளிதில் அசையாது. ஆனால் இந்த ஒப்புமைக்கு ஓர் எல்லையுண்டு. அரித்த ஈயச் சட்டமும் உதிர்ந்து அடியில் தங்கிய பசையும் மீளா. அப்பற்றரியைக் கழித்து வேறொன்று வாங்க வேண்டியதே. ஆன்மாவைக் குறித்து அத்தகைய தீர்ப்புக்குச் சித்தாந்தத்தில் இடமில்லை.

சக்தி உள்ளதா, இல்லையா என்னும் இக்கேள்வி இவ்வூரிலேயே வேறொரு வடிவில் எழுந்ததுண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் சுவாமிமலையிலிருந்த கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டிய பின், மண்ணுள் மறைந்திருந்த உலோகத் திருமேனிகள் 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது வெளிப்பட்டன; 1963இல் புதிதாக எழுந்த ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. திருப்பணிக்கு முன் மூர்த்தியின் கலையாகிய தெய்வசக்தியைக் கும்பத்துக்கு மாற்றுவதும், பின்பு மீள நிலைபெறச் செய்வதும் ஆகம விதி. அத்திருமேனிகளை அவசரத்தில் புதைத்தவர்களுக்கு அதற்கு அவகாசம் இருந்திருக்குமா? முந்நூறு வருஷங்களுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த திருமேனியில் தெய்வ சாந்நித்தியம் இருந்ததா, இல்லையா? கண்டெடுத்த மக்கள் எந்தச் சோதனையும் செய்யவில்லை. நீராட்டி, மலரிட்டு வணங்கினார்கள். இறைவனின் சக்தி செலவாகித் தீர்வதன்று என்று கொள்ளும் சமயத்தார்க்கு அதை அளக்கப் புகுவதே பொருந்தாத செயல். அளக்கத்தக்கது இப்பக்கத்துத் தடை.

மனிதரை எடைபோடும்போதோ நாம் இந்த விவேகத்தை எளிதில் இழந்துவிடுகிறோம். வறிய நிலையிலுள்ள பற்றரியைச் சோதிக்கும்போது நல்ல கருவி நல்லது என்றும் சொல்லாது, பழுது என்றும் சொல்லாது. சார்ஜ் செய்து மீண்டும் சோதிக்கவும் என்றே அச்சிடும். பசியிலும் களைப்பிலும் துயரத்திலும் இருப்பவனின் திறமையை அந்நிலையிலேயே அளந்து, அதுவே அவன் முழு அளவென்று எழுதிவிடும் பரீட்சைகளுக்கும் நேர்முகங்களுக்கும் இந்த அடக்கம் வாய்த்ததில்லை. பற்றரிச் சீட்டிலுள்ள குளிர்முடுக்க மின்னோட்ட எண்ணையே பாருங்கள். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரில் எவ்வளவு தரும் என்பதைக் குறிப்பது அது. அத்தகைய குளிரை ஒருநாளும் காணாத திருகோணமலையில் பற்றரியைக் கொல்லுவது வெப்பமே. ஓர் இடத்துக்கு வகுத்த உரைகல்லை வேறோர் இடத்து மனிதர்மேல் உரசுவதிலும் இதே பிழை உண்டு.

இன்னுமொன்று. கருவி பழுது என்று காட்டினால், அனுபவமுள்ள தொழிலாளி உடனே பற்றரியைத் தூக்கி எறியமாட்டான். கவ்விகளைக் கழற்றி, குமிழ்களில் பூத்த வெண்பொடியை மறுபடி சுரண்டித் துடைத்து, இறுகப் பிடித்து இரண்டாம் முறை பார்ப்பான். பிடித்த பிடியிலுள்ள அழுக்கின் எதிர்ப்பையும் கருவி பற்றரியின் குற்றமாகவே எழுதிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். இந்தக் கோயிலில் சக்தி போய்விட்டது என்றும், அந்த அம்மனுக்கு முன்போல் வல்லமை இல்லை என்றும் வீதியில் நின்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள், தாங்கள் பற்றிய பற்று எத்தகையது என்று இரண்டாம் முறை பார்ப்பதில்லை. செலவிடாமல் அளக்கக் கூடியது எப்போதும் தடையின் அளவே என்றால், அத்தடை பொருளிலே இருப்பதா, பார்க்கிறவன் பிடியிலே இருப்பதா என்று தெளிந்துகொள்ளாதவரை எந்தச் சக்தியையும் இல்லையென்று மறுக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை. உதயணரும் அருணந்தியும் வேறு எதில் மாறுபட்டாலும் இதில் மாறுபடுவதற்குக் காரணம் காண்பது அரிது.