கெட்ட கிணற்றின் விலை

வயலூருக்கருகே கடலில் கலக்கும் பாலாறு, அதற்கு வெகு முன்னரே கடந்து வரும் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில், தோல் பதனிடும் ஆலைகள் தேசத்திற்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த அதே காலத்தில், அவை வெளியேற்றிய உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீரால் குடியானவர்களின் கிணறுகள் குடிக்கவும் பாய்ச்சவும் உதவாமற் போயின. வியாபாரத்தில் பங்கில்லாதவன் அதன் நஷ்டத்தில் மட்டும் பங்காளியாக்கப்படும் இந்நிலையைப் பொருளாதார சாஸ்திரம் புறவிளைவு என்று குறிக்கும். அவனுக்குரிய ஈடு எவ்வளவு, அதை யார் யார் எந்த விகிதத்தில் தருவது என்னும் இரண்டு கேள்விகளுக்கும், ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சார்ந்திருக்கும் நிலைகளைக் கணித்தாராயும் ஆட்டக் கோட்பாடு விடை கூறுமா?

பின்னதற்குக் கூறும். ஓர் ஆலை தனித்து இயங்கினால் 60,000 ரூபாய் நஷ்டமும், மற்றொன்று தனித்து இயங்கினால் நஷ்டமே இன்றியும், இரண்டும் சேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் நஷ்டமும் விளைவதாகக் கொள்வோம். “நான் மட்டும் இருந்தால் கேடில்லையே” என்று சிறிய ஆலை தப்பித்துக்கொள்ளப் பார்க்கும். லாயிட் ஷாப்லி 1953இல் வெளியிட்ட முறைப்படி, யார் முதலில் வந்தார், யார் பின்னர் வந்தார் என்ற எல்லா வரிசைகளிலும் ஒவ்வொருவரும் கூட்டிய நஷ்டத்தைச் சராசரி கண்டால், பெரியதன் பொறுப்பு 80,000, சிறியதன் பொறுப்பு 20,000. இது நியாயமென்றே மனம் ஒப்புகிறது.

முன்னதில்தான் ஆபத்து. ஜான் நாஷ் 1950இல் வகுத்த பேரக் கணக்கில், சமரசம் முறிந்தால் ஒவ்வொருவருக்கும் மிஞ்சுவது எதுவோ அதுவே தொடக்கப் புள்ளி. கிணறு கெட்டு, கடன் பட்டு, அடுத்த போகத்திற்கு வழியற்று நிற்பவன் காத்திருக்க மாட்டான், முதலாளி காத்திருப்பார். ஆகவே, இழைத்த தீங்கு கொடியதாக ஆக, கொடுக்க வேண்டிய ஈடு குறைந்துகொண்டே போகும். அநீதியே உண்டாக்கிய பலவீனத்தை அளவுகோலாகக் கொள்ளும் கணக்கு, எத்துணை நுட்பமாயினும், தர்மமாகாது. கெடாத கிணற்றிலிருந்தே பேரம் தொடங்க வேண்டும்.

இதே தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் அங்கமாக ஏற்று, நஷ்டத்தைக் கணிக்க ஓர் அதிகார அமைப்பை ஏற்படுத்தப் பணித்தபோது, கெடாத கிணறு என்னும் அத்தொடக்கப் புள்ளியையே நிலைநாட்டிற்று என்பது எமது துணிபு. எனினும் அவ்வமைப்பு 2001இல் வழங்கிய ஈட்டுத் தொகையில் எஞ்சியதை அரசு தானே கொடுத்துப் பின்னர் ஆலைகளிடம் வசூலிக்குமாறு 2025 ஜனவரியில் மீண்டும் அதே நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. கால் நூற்றாண்டுத் தாமதத்துக்குரிய வட்டியும், ஆற்றுமணலில் ஊறும் நீரையே நம்பிக் கீழே செங்கற்பட்டு வட்டாரத்தில் வாழும் ஊர்களின் பங்கும் இன்னும் எந்தக் கணக்கில் ஏற்றப்பட வேண்டியவை என்பதையும் நீதியறிந்தோர் ஆராய்தல் வேண்டும்.