“எழும்பி வாசி”



தவணைப் பரீட்சை முடிந்து முன்னேற்ற அறிக்கை வருகிற நாளில் நம் வீடுகள் சிலவற்றில் இரவுச் செபமாலை நடப்பதில்லை. தகப்பன் பேசாமல் முற்றத்தில் இருப்பார். தாய் அடுப்படியில் கண்ணைத் துடைப்பார். பிள்ளை பாயில் முகங்குப்புறக் கிடக்கும். இன்று அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். அதற்கு முன் என் குற்றம் ஒன்றை நான் அறிக்கையிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு பங்கில் முதல் நன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். அவர்களுள் ஒருவன் மீனவர் வீட்டுப் பையன், ஒன்பது வயது. வாடைக் காற்று எப்போது திரும்பும் என்று சொல்வான். கரைவலை இழுத்து மீனைப் பங்கிடும்போது கணக்கு அவன் வாயிலிருந்துதான் வரும். பூசையில் கேட்ட நற்செய்தியை அவன் திருப்பிச் சொன்னால், என் பிரசங்கத்தைவிட அது நன்றாயிருக்கும். ஆனால் செபப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதல் எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பான்.

“எழும்பி வாசி” என்பேன். எழும்புவான். வாசிக்கமாட்டான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மூன்றாம் கிழமை, இது சோம்பல் என்று நானே தீர்ப்பிட்டு அவனை வாசற்படியில் முழங்காலில் இருத்தினேன். தாய் வந்தார். “சுவாமி, இவனுக்கு எல்லாம் மனப்பாடம். புத்தகத்தைக் கையில குடுத்தாத்தான் ஏலாது” என்றார். வாசிக்கப் பழகி வரட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். வெள்ளைச் சட்டை அதற்குள் தைத்தாயிற்று என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அடுத்த வருஷம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை.

அவனுக்கு இருந்தது என்ன? அதை நான் பிந்தித்தான் படித்தேன். 1896இல் ப்ரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரன், கண்பார்வையில் குறையில்லை, கணக்கு வரும். வாசிப்பு மட்டும் வராது. பாடமெல்லாம் வாய்வழியே நடந்தால் பள்ளியில் இவனே முதல்வனாயிருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் எண்ணம். இன்று இதை டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பு இடர்பாடு என்கிறார்கள். எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை அந்த மூளையில் மற்றவர்களுக்குப்போல் இலகுவாய் நடப்பதில்லை. பிறவியிலேயே வருவது, குடும்பங்களில் தொடர்வதும் உண்டு. புத்திக் குறைவினால் வருவதல்ல.

நம் தமிழ் எழுத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 247 எழுத்து. ‘கொடி’ என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வருவதோ ககரம். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே ககரம், மூன்று விதமான ஒலி. மனம் ஒன்று, மணம் வேறு. அரை ஒன்று, அறை வேறு. வீட்டில் பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத்துத் தமிழ் இன்னொன்று. நமக்கு இவையெல்லாம் எப்போது பழகினவென்றே நினைவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் எதிர்க்காற்றில் வள்ளம் வலிப்பதுபோல. வலிக்கிறவனைப் பார்த்து “சோம்பேறி” என்று கரையில் நின்று கத்தியவன் நான்.

“இது யார் செய்த பாவம்?” என்று கேட்கிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தாய்வழியா, தகப்பன்வழியா என்று ஆராய்கிற மாமியாரும் உண்டு. அருளப்பர் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதான். பிறவிக் குருடன் அவர்கள் முன்னே நிற்கிறான். அவர்களோ அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல், அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆண்டவர் அவன்மீதும் குற்றம் சுமத்தவில்லை, பெற்றோர்மீதும் சுமத்தவில்லை. மண்ணைக் குழைத்து வேலையைத் தொடங்கினார்.

பங்குக் குருக்களுக்கெல்லாம் பாதுகாவலரான புனித ஜோன் மரிய வியான்னியின் வரலாறு உங்களிற் பலருக்குத் தெரியும். ஆனால் அவருடைய படிப்பின் கதையை நாம் அவசரமாய்க் கடந்துபோகிறோம். 1786இல் பிரான்சில் பிறந்தவர். ஆடு மேய்த்தவர். புரட்சிக் காலத்தில் பள்ளிப்படிப்பு சரியாய்க் கிடைக்கவில்லை. சுமார் இருபது வயதில் எக்குல்லி என்ற ஊரில் பாலே சுவாமியாரிடம் இலத்தீன் படிக்க வந்தார், படித்தது நிற்கவில்லை. கூடப் படித்த மத்தியாஸ் லோராஸ் அவரைவிட ஆறு வயது இளையவன். சொல்லிக்கொடுத்துச் சலித்து, எல்லோர் முன்னிலையிலும் ஒருநாள் அவரை அறைந்துவிட்டான். அறை வாங்கியவரே முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார் என்று வரலாறு சொல்கிறது. அந்த லோராஸ் பின்னாளில் அமெரிக்காவில் டுபியூக் நகரின் முதல் ஆயரானார். அறைகிறவர்கள் கெட்டவர்களாய்த்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

1813இல் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்தார். இலத்தீனில் கேட்ட கேள்வியே விளங்காமற்போக, சில மாதங்களில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாலே சுவாமியார் விடவில்லை. தாய்மொழியில் கேட்டுப் பாருங்கள் என்று மன்றாடினார். பிரெஞ்சில் கேட்டபோது அவர் நன்றாகவே பதில் சொன்னார். 1815 ஆகஸ்ட் 13ஆம் தேதி கிரெனோபிளில் குருப்பட்டம் பெற்றார். ஆர்ஸ் என்ற சிற்றூரில் 1859இல் அவர் இறக்கும்வரை, பாவசங்கீர்த்தனம் செய்ய ஆயிரமாயிரம் பேர் அவரைத் தேடி வந்தார்கள். அவருக்கு இருந்தது வாசிப்பு இடர்பாடுதான் என்று சொல்ல நான் துணியமாட்டேன். பள்ளி இழந்ததும் ஒரு காரணம். நான் காட்ட விரும்புவது பாலே சுவாமியாரை. அவர் பரீட்சையைச் சுலபமாக்கச் சொல்லவில்லை. கேட்கிற விதத்தை மாற்றச் சொன்னார், அவ்வளவே.

பள்ளி இழந்த பிள்ளைகள் நம் மாவட்டத்திலும் பலர். 2004 கடற்கோளில் புத்தகப் பையோடு வீட்டையும் பறிகொடுத்தவர்கள், 2006இல் சம்பூர், மூதூர் பக்கங்களிலிருந்து முகாம் முகாமாய் அலைந்தவர்கள், இன்று தாங்களே பெற்றோராயிருக்கிறார்கள். படிக்க வழியில்லாமற்போனது வேறு, வழியிருந்தும் எழுத்துப் பிடிபடாதது வேறு. எது என்று ஆசிரியரோடு இருந்து பேசுங்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதிப்பியுங்கள். சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகு உண்டு. அங்கே பிள்ளையை விடுவதில் வெட்கமில்லை. ஊனத்தைக் காரணங்காட்டிக் கல்வி நிலையங்களில் பாரபட்சம் கூடாதென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முடிவு வந்ததும் சித்தியடைந்தவர்களின் பெயரைக் கோவிலில் வாசிக்கிறோமே, நானும் வாசித்திருக்கிறேன். பின் வாங்கில் இருக்கிற பிள்ளையின் முகத்தை அப்போது நான் பார்த்ததில்லை.

சில காலத்துக்கு முன், ஒரு மாலை பங்குமனை வாசலில் ஒருவர் வந்து நின்றார். சொந்தமாய் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். கையில் எட்டு வயது மகள். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டேன்.

“சுவாமி, இவளும் என்னைப்போலதான். வகுப்புக்கு விடுறன். எழும்பி வாசிக்கச் சொல்லமாட்டீங்கள் எண்டாத்தான்.”

சொல்லமாட்டேன் என்றேன். வேறொன்றும் எனக்கு வாயில் வரவில்லை.

அடுத்த நாள் தொடக்கம் விறாந்தையில் பாய் விரித்தோம். நான் ஒரு வரி சொல்ல அவள் ஒரு வரி சொல்வாள். விசுவாசப் பிரமாணம் இரண்டு கிழமைக்குள் பாடமாயிற்று. பிறகு ஒரு தட்டில் கடல்மணல் பரப்பி, எழுத்தை விரலால் எழுதிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லப் பழக்கினோம். நம் பாட்டன்மார் திண்ணையில் எழுதிய மணல்தான். இவ்விதப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர்கள் இன்று திரும்பவும் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். மெதுவாய்த்தான் போனது. ‘கொ’ எழுதும்போது கொம்பை இப்போதும் சிலவேளை மறந்துவிடுகிறாள்.

தகப்பன் ஒவ்வொரு நாளும் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேப்பமரத்தடியிலே நிற்பார். உள்ளே வாரும் என்றால் தலையசைப்பார். நாலாம் கிழமை, மகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, படிவரை வந்தார்.

“சுவாமி, எனக்கும் நீங்கள் இன்னும் நன்மை தரேல்லை.”

மகள் சுருட்டிய பாயைத் திரும்ப விரித்தாள்.