பெற்றோரின் முறையீடும் குழந்தையின் காப்பும்

வீட்டிலேயே பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அரசு பெற்றோரை விசாரிக்கிறது. பிள்ளையைத் தனியே அமர்த்திக் கேட்கிறது. குற்றமற்ற பெற்றோருக்கு இது தாங்க முடியாத அவமானம். அவர்கள் முறையிடும்போது இரண்டு அறக்கேள்விகள் எழுகின்றன. பிள்ளை பெற்றோரின் உடைமையா? விசாரிப்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?

முதல் கேள்விக்குப் பெரியபுராணத்தில் கடுமையான விடை உண்டு. சேய்ஞலூர்ச் சிறுவர் விசாரசருமர் மணலில் இலிங்கம் அமைத்துப் பாலாட்டி வழிபட்டார். அவர் பாலை வீணாக்குவதாக ஊரார் அவருடைய தந்தையிடம் புகார் சொன்னார்கள். தந்தை மரத்தில் மறைந்திருந்து பார்த்தார். பிறகு இறங்கிவந்து மகனைக் கோலால் அடித்து, பாற்குடத்தையும் காலால் இடறினார். மகன் அந்தக் கால்களை வெட்டினார். இறைவன் தோன்றி, இனித் தாமே அவருக்குத் தந்தை என்று ஏற்றார். அச்சிறுவரே சண்டேசுரர். பெற்றவரின் உரிமைக்கும் மேலான உரிமை ஒன்று உண்டு என்பதை இவ்வரலாறு ஒப்புக்கொள்கிறது.

இரண்டாம் கேள்வியைச் சிலப்பதிகாரம் எடுத்துக்கொள்கிறது. கோவலன் அரசியின் சிலம்பைத் திருடினான் என்ற பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், விசாரிக்காமலே அவனைக் கொல்லவைத்தான். ஆனால் கோவலன் மனைவி கண்ணகி தன் மற்றொரு சிலம்போடு அவைக்கு வந்தபோது வாயில் அடைக்கப்படவில்லை. சிலம்பு உடைந்தது, முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. அரசன் தன் பிழையை ஏற்றான், ஆனால் போன உயிர் திரும்பவில்லை. திருத்த முடியாத செயலுக்கு முன்பே விசாரணை நடக்க வேண்டும். குழந்தைக் காப்பில் இந்த நெருக்கடி இருபுறமும் உண்டு: தீங்குள்ள வீட்டில் விட்டுவைப்பதும், தீங்கில்லாத வீட்டிலிருந்து பிரிப்பதும் ஆறாத காயம்.

மலேசியச் சட்டம் இதற்குக் காலவரம்பைத் தீர்வாக வைக்கிறது. 1990இல் ஒரு தமிழ்க் குழந்தை வதைபட்டு இறந்தது நாட்டை உலுக்க, 1991இல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் அதுவும் வேறு இரு சட்டங்களும் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தில் ஒன்றாயின. பீடோர் போன்ற ஓர் ஊரில் ஒரு குழந்தைக்குக் கை முறிந்து, அக்காயம் வதையால் வந்ததென்று மருத்துவர் கருதினால், சமூகநல இலாகாவுக்கு அறிவிப்பது அவர் கடமை. இலாகாவின் பாதுகாவலரோ போலீஸ் அதிகாரியோ குழந்தையைத் தற்காலிகமாகப் பொறுப்பில் எடுக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். ஐயம் தீர்ப்பாக உறைந்துவிடாமல் தடுப்பது இந்த வரம்புதான்.

பெற்றோரின் மனக்குறை பெரும்பாலும் கேள்வி கேட்ட விதத்தைப் பற்றியது. “அப்பா அடிச்சாரா?” என்று கேட்டால், பயந்த குழந்தை பெரியவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடக்கூடும். “என்ன நடந்துச்சு?” என்று கேட்டுக் காத்திருந்தால், மரத்திலிருந்து விழுந்ததோ அடி வாங்கியதோ அதன் சொல்லிலேயே வெளிவரும். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளையை மலாயில் கேட்பதும் விடையைக் கோணலாக்கும். 16 வயதுக்குட்பட்ட சாட்சியின் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிவுசெய்ய 2007ஆம் ஆண்டு சிறார் சாட்சியச் சட்டம் இடமளிக்கிறது. அப்பதிவு குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்பதைக் குறைக்கிறது. கேட்டவரின் முறையையும் பிறர் சரிபார்க்க வைக்கிறது.

இங்கிலாந்தின் கிளீவ்லாந்தில் 1987இல் 121 குழந்தைகள் பாலியல் வதைக்கு உள்ளானதாக மருத்துவர் இருவர் முடிவு செய்தனர். பலர் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டனர். பெற்றோர் முறையீட்டுக்குப் பின் பெரும்பாலோர் வீடு திரும்பினர். 1988இல் வெளியான பட்லர்-ஸ்லாஸ் அறிக்கை, பெற்றோருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தகவல் சொல்ல வேண்டும், குழந்தையைத் திரும்பத் திரும்ப விசாரிக்கக் கூடாது என்றது. அதே அறிக்கை குழந்தை வதை உண்மையில் நடப்பதையும் மறுக்கவில்லை.

ஆகவே முறையீட்டைக் கையாள்வதில் முதல் விதி, இரு வழக்குகளையும் பிரிப்பது. குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததா என்பது ஒன்று. அதிகாரி முறைப்படி நடந்தாரா என்பது மற்றொன்று. கேள்வி தவறாகக் கேட்கப்பட்டதால் பெற்றோர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். பெற்றோர் மேல் ஐயம் இருப்பதால் அவர் புகார் பொய்யாகிவிடாது. விசாரித்தவரே தம்மீதான புகாரையும் தீர்க்கக் கூடாது. மலேசியாவில் போலீஸ் நடத்தையைப் பற்றிய புகாருக்கென 2023 ஜூலை முதல் தனி ஆணையம் இயங்குகிறது. பதில் எழுத்தில், காரணத்தோடு, பெற்றோருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும். தகவல் கொடுத்தவர் யார் என்பதையும் குழந்தை தனியே சொன்னதையும் மட்டும் அதில் வெளியிட முடியாது. புகார் நடக்கும் காலத்திலும் குழந்தையின் காப்பு தளரக் கூடாது.