நட்டம் யாருடையது?

2022 பெப்ரவரியில் ஒரு காலை. தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த கடைக்குக் கலேவெலப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். எப்போதும் லேண்ட்மாஸ்டரில் மூடைகளை அடுக்கிக்கொண்டு விடியப்புறத்தில் வருகிறவர், அன்று வெயில் ஏறிய பின் பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய காசு. "எண்ணிப் பாருங்கள் முதலாளி" என்று சிங்களத்தில் சொன்னார். எண்ணினேன். 240,000 ரூபா, ஒரு தாளும் குறையவில்லை. கொப்பியில் அவருடைய பெயருக்கு நேரே கோடு கீறினேன். தேத்தண்ணீர் எடுப்பித்தேன். குடித்துவிட்டு எழும்பும்போதுதான் லேண்ட்மாஸ்டரை விற்றுவிட்டதாகச் சொன்னார். முறைப்பாடாகச் சொல்லவில்லை. இனிமேல் மரக்கறி ஏற்ற வேறொருவருடைய வாகனம் பார்க்க வேண்டும், பிந்தினால் கோபிக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னார்.

எனக்கு அப்போது ஆறுதல்தான் இருந்தது. அந்தப் பெரும்போகத்தில் முற்பணம் வாங்கிய பலர் கண்ணிலேயே படவில்லை. அடுத்த மாதம் ரூபா சரிந்தது. 200 ரூபாவுக்குச் சற்று மேலே நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அவர் தந்த காசை அதற்குள் நான் சரக்காக்கியிருந்தேன். அவர் விற்ற இயந்திரமோ அந்த வருடம் முடிவதற்குள் அவருடைய கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. அவர் மூன்று மாதம் என்னைக் கடத்தியிருந்தால் என் காசு பாதியாகியிருக்கும், அவருடைய இயந்திரம் அவரிடமே இருந்திருக்கும். அவருடைய நாணயத்தினால் நான் தப்பினேன். இந்தக் கணக்கு அன்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த நாளிலிருந்து அது மனதைவிட்டுப் போகவும் இல்லை.

தம்புள்ளையைக் குகை விகாரையாகவோ கிரிக்கட் மைதானமாகவோ மட்டும் அறிந்த வாசகருக்கு ஒரு சொல். கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியும் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும் இங்கேதான் சந்திக்கின்றன. 1999இல் தொடங்கிய மத்திய நிலையத்துக்கு நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் வரும், எங்கள் பக்கத்துப் பெரிய வெங்காயமும் பூசணியும் வரும், எல்லாம் கலந்து நாடு முழுவதும் போகும். லொறிக்காரரும் நாட்டாமிமாரும் இரவு முழுக்க உறங்குவதில்லை. எங்களுடையது கொமிசன் தொழில். தக்காளி கிலோ 300 ரூபாவுக்கு விற்றாலும் 20 ரூபாவுக்கு விற்றாலும் எங்கள் வீதம் எங்களுக்கு உண்டு. விலை விழுந்த நாளில் கொமிசன் சுருங்கும், ஆனால் இல்லாமற் போகாது. விவசாயிக்கு அப்படியல்ல. பறிகூலியும் லொறிக்கூலியும் போக மிச்சம் ஒன்றுமில்லை என்று, கொண்டுவந்ததை வழியிலேயே கொட்டிவிட்டுப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். (நம்மவர் சிறுகதைகளில் வியாபாரி நிறைய வருவார். அவருடைய கொமிசன் கொப்பி வருவதில்லை. என் கதைகளிலும் வந்ததில்லை.)

கன்று நடுவதற்கு முன்பே விதைக்கும் பசளைக்கும் மருந்துக்கும் நாங்கள் முற்பணம் கொடுப்போம். வட்டி கிடையாது. விளைச்சல் எங்கள் கடைக்கு வரவேண்டும், அவ்வளவுதான். வட்டி இல்லாதபடியால் மார்க்கத்துக்கு விரோதமில்லை என்று வாப்பாவும் நினைத்தார், நானும் நினைத்தேன். கடனோடு நிபந்தனையாக ஒட்டி வருகிற நன்மையும் வட்டியின் வாசலில்தான் நிற்கிறது என்று ஒரு மௌலவி பின்னாளில் எனக்குச் சொன்னார். அது தனியாக எழுதவேண்டிய விசயம்.

அந்த விவசாயியின் தக்காளி ஏன் விளையவில்லை? மழை பொய்க்கவில்லை, குளம் உடைக்கவில்லை, பூச்சியும் வழக்கத்தைவிட அதிகமில்லை. 2021 மே மாதத்தில் வெளியான ஒரு வர்த்தமானிதான் காரணம். இரசாயனப் பசளையின் இறக்குமதி ஒரே அடியாக நிறுத்தப்பட்டது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதனப் பசளைக்கு மாறப் பத்து வருடம் குறிக்கப்பட்டிருந்தது. நடைமுறையில் ஒரு போகம்கூடக் கிடைக்கவில்லை. 50 கிலோ யூரியா மூடையொன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோதான். ஆகவே ஒரு மூடையின் வேலையைச் செய்ய ஒன்றரைத் தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். அதை எங்கே எடுப்பது, எதில் ஏற்றுவது, யார் பரப்புவது? செடியின் அடியிலைகள் மஞ்சளாகி, மஞ்சள் மேலே மேலே ஏறியது. நவம்பர் இறுதியில் தடை தளர்ந்தபோது பசளை வாங்க நாட்டில் டொலர் இருக்கவில்லை. பின்னர் கறுப்புச் சந்தையில் யூரியா மூடை முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று போனது.

நோக்கம் கெட்டதென்று நான் சொல்லமாட்டேன். வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயைக் கண்ணால் கண்டவன் அப்படிச் சொல்லவும் முடியாது. வயலில் இடும் நைதரசனில் ஒரு பகுதி நைத்திரசு ஒட்சைட்டாகி வானத்துக்குப் போகிறது என்பதும், பூமியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலியது என்பதும் உண்மையே. 2021 ஒக்டோபர் இறுதியில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின்போது, நைதரசன் பற்றிய கூட்டமொன்றில் எமது ஜனாதிபதி இந்தக் கொள்கையை எடுத்துரைத்தார். அந்த நாட்களில்தான் இங்கே கன்றுகள் நடப்பட்டுக்கொண்டிருந்தன. சபையில் கிடைக்கும் நற்பெயர் ஒருவருக்கு, அடியிலை மஞ்சளாவது இன்னொருவருக்கு. பந்தயம் கட்டியவரின் பொருள் அந்தப் பந்தயத்தில் இருக்கவில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமானது. நெல் செய்கையாளருக்கு நட்டஈடாக 40 பில்லியன் ரூபா என்று அவ்வருட ஜனவரியில் சொல்லப்பட்டது. தக்காளி அந்தக் கணக்கில் வரவில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதார வீழ்ச்சி தொடர்பில் முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்படப் பலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று தீர்ப்பளித்தது. பொறுப்பு யாருடையது என்பது அப்படி எழுத்தில் வந்தது. நட்டம் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

இந்த இடத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் அடுத்தடுத்து வருகிற இரண்டு ஹதீஸ்கள் எனக்கு நினைவுக்கு வரும். ஒன்றை ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள். மரத்திலுள்ள கனியை ஒருவர் சகோதரனுக்கு விற்று, பின்னர் ஓர் அழிவு அதைத் தாக்குமானால், விற்றவர் விலையை எடுக்க உரிமையில்லை என்பது அதன் கருத்து. அந்த அழிவுக்கு ஜாஇஹா என்று பெயர். மற்றதை அபூ ஸஈத் அல்குத்ரீ (ரழி) அறிவிக்கிறார்கள். கனி வாங்கிய ஒருவருக்குப் பெருநட்டம், கடன் ஏறிவிட்டது. அவருக்கு ஸதகா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் கூறுகிறார்கள். சேர்ந்தது போதவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு அத்தோடு போகும்படி கடன் கொடுத்தவர்களிடம் சொல்லப்படுகிறது. முதலாவதில் விவகாரம் உரிமை. இரண்டாவதில் தர்மமும், தர்மம் தீர்ந்த இடத்தில் கடன்காரரை நிறுத்துகிற ஓர் எல்லையும்.

இமாம் மாலிக் (ரஹ்) முதலாவதைப் பிடித்தார்கள். விளைச்சலில் மூன்றிலொரு பங்கு அழிந்தால் விலையைக் குறைப்பது கட்டாயம், தண்ணீரின்றிக் காய்ந்தால் அளவே பார்ப்பதில்லை என்றது அவர்களது மத்ஹப். படை புகுந்து அழிப்பதும் ஜாஇஹாவில் சேரும் என்று அதன் அறிஞர்கள் எழுதினார்கள். அதாவது மனிதர் செய்ததானாலும், விவசாயியால் தடுக்க முடியாதது அழிவுதான். வர்த்தமானியை அதில் சேர்க்க எனக்குத் தயக்கமில்லை. நாம் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபின் பிந்திய கருத்தோ, ஒப்படைத்த பின் நட்டம் வாங்கியவருடையது, விட்டுக்கொடுப்பது விரும்பத்தக்கது மட்டுமே என்கிறது. இரண்டாவது ஹதீஸ் அதற்கு ஓர் ஆதாரம். உரிமையாக இருந்திருந்தால் ஸதகா எதற்கு என்பது வாதம். வலுவான வாதம்தான். எங்கள் வாப்பா மத்ஹபுச் சட்டம் படித்தவரல்லர். "மழை மழைதான், கடன் கடன்தான்" என்பது அவருடைய சட்டம். தவணை நீட்டுவார், கழிக்கமாட்டார். நோன்பு காலத்தில் அதே விவசாயியின் வீட்டுக்கு அரிசியும் சீனியும் அனுப்புவார்.

என் முற்பணம் விற்பனையல்ல, கடன். ஜாஇஹாவின் சட்டம் கடனுக்குச் செல்லாது என்று ஆலிம்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அது சுத்தமான கடனாக இருந்ததா என்பதே என் கேள்வி. விளைந்திருந்தால் ஒவ்வொரு கிலோவிலும் எனக்குக் கொமிசன் இருந்தது. அப்போது நான் அந்தத் தோட்டத்தின் பங்காளி. விளையாதபோது மட்டும் நான் கடன் கொடுத்தவன். இலாபம் யாருக்கோ நட்டத்தின் சுமையும் அவருக்குச் சேரவேண்டும் என்று பிக்ஹில் ஒரு விதி உண்டு. நான் அதன் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

உலகமும் இந்தக் கொப்பியைத்தான் வைத்திருக்கிறது. வளர்ந்த நாடுகள் வருடம் 100 பில்லியன் டொலர் காலநிலை நிதி திரட்டித் தருவதாக 2009இல் கோப்பன்ஹேகனில் சொன்னார்கள். 2020இல் வரவேண்டியது 2022இல்தான் எட்டியது. அதிலும் அரசுகள் வழங்கியதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்தோடு ஏற்கப்பட்ட தீர்மானத்தில், இழப்பும் சேதமும் பற்றிய உறுப்புரை பொறுப்புக்கோ நட்டஈட்டுக்கோ அடிப்படையாகாது என்று தெளிவாக எழுதிவைத்தார்கள். இழப்புக்கென்று தனி நிதியம் அமைக்க 2022இல் ஷாம் அல்ஷெய்க்கில் இணக்கம் கண்டு, 2023இல் துபாயில் அதைத் தொடங்கியபோதும் அந்த வேலி பிரிக்கப்படவில்லை. துபாயில் வாக்களிக்கப்பட்டது கிட்டத்தட்ட 700 மில்லியன் டொலர். ஸதகா கொடுப்போம், உரிமை என்று கேட்காதீர்கள் என்பது அதன் பொருள். வாப்பாவின் அரிசியும் சீனியும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மாத்தளை மாவட்டத்திலும் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதம் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 206 மில்லியன் டொலர் அவசர நிதிக்கு ஒப்புதல் அளித்தது. அதுவும் திருப்பிச் செலுத்தவேண்டியதே. உலகை வெப்பமாக்கிய புகையில் எமது நாட்டின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. உதவிகளை நான் இகழவில்லை. 2025 ஏப்ரலில் இந்தியாவின் நன்கொடை உதவியோடு தம்புள்ளையில் திறக்கப்பட்ட 5,000 மெற்றிக் தொன் குளிர்களஞ்சியம் நல்ல காரியம். வெங்காயம் அறுவடையாகும் ஓகஸ்ட், செப்டெம்பரில் இறக்குமதி வெங்காயமும் வந்து விலையை அடிக்கும்போது, சில வாரம் பொறுக்க முடிவது பெரிய விசயம். ஆனால் முற்பணம் வாங்கியவருக்குப் பொறுக்க முடியாது. பொறுக்கக் கூடியவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

புயல் கழிந்து சில வாரங்களின் பின் அந்த விவசாயியைத் தேடிப்போனேன். வீட்டுக்குச் சேதமில்லை. காற்பங்கு ஏக்கரில் கத்தரி வைத்திருந்தார். கதவடியில் நின்றே, 2022இல் வாங்கிய காசில் மூன்றிலொன்றை, 80,000 ரூபாவை, திருப்பித் தர வந்திருப்பதாகச் சொன்னேன். அவர் உடனே கை நீட்டவில்லை. கதிரை எடுத்துப் போட்டார். "இது பின்னா, கணக்கா?" என்று கேட்டார். சிங்களத்தில் பின் என்றால் புண்ணியம். புண்ணியமானால் பன்சலைக்கோ உங்கள் பள்ளிக்கோ கொடுங்கள், எனக்கு வேண்டாம் என்றார். கணக்கு என்றேன். கணக்கென்றால் கொப்பி எங்கே என்றார்.

கொப்பியைக் கொண்டு போகவில்லை. அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். கோடு கீறிய பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் தன் கணக்கைத் தொடங்கினார். பசளை கிடைத்திருந்தாலும் அந்தப் போகத்தில் கொஞ்சம் அழுகியிருக்கும், அது என்னுடையது, கழியுங்கள் என்றார். கழித்தேன். பிறகு, 80,000 என்பது அன்றைய காசா இன்றைய காசா என்று கேட்டார். நான் பேசாமலிருந்தேன். லேண்ட்மாஸ்டர் நின்ற கொட்டிலைக் காட்டினார். அதற்குள் இப்போது விறகு அடுக்கியிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு இன்னும் நாங்கள் ஒரு தொகை எழுதவில்லை. கொப்பி அவரிடம் இருக்கிறது.