பல்லிக்கு மருந்து

பல்லி நம் மேல் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழரிடம் முழு அட்டவணையே உண்டு. தலையில் விழுந்தால் ஒன்று, தோளில் விழுந்தால் ஒன்று. இடமா வலமா, ஆணா பெண்ணா என்று பிரித்துப் பிரித்துப் பஞ்சாங்கத்தில் அச்சடித்து வைத்திருக்கிறோம். தோஷம் என்றால் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வரலாம். கடல் தாண்ட முடியாத எங்கள் இலங்கை மலையகத்துச் சனம் தலைக்குக் குளித்து, மாரியம்மனுக்கு விளக்குப் போட்டு, அதோடு சமாளித்துக்கொள்ளும். விழுந்த பல்லிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க மட்டும் பஞ்சாங்கத்தில் இடமில்லை.

அதைக் கேட்டவன் என் தங்கை மகன். எல்லயிலிருந்து தெமோதரைப் பக்கம் இறங்கும் தோட்டத்தில் எங்கள் வீடு. பூனை வாயிலிருந்து பிடுங்கிய ஒரு வீட்டுப் பல்லியை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடியில் ஓட்டைகள் குத்தி, அதற்கு மணி என்று பெயரும் வைத்துவிட்டான். வால் போயிருந்தது. விலாவில் பல் பட்ட இடம் கறுத்திருந்தது. உருவத்தில் என் சுண்டுவிரல்கூட இல்லை. எடை ஐந்து கிராம் இருந்தால் அதிகம்.

மணி எதையும் சாப்பிடவில்லை. விளக்கடியில் பிடித்த பூச்சியை முன்னால் விட்டான், பார்க்கவில்லை. ஈசலின் இறக்கையைப் பிய்த்துவிட்டு வைத்தான். வீட்டுப் பல்லிகள் சாமிப்படத்தடியில் சிந்திய பஞ்சாமிர்தத்தை நக்குவதைப் பார்த்த ஞாபகத்தில் விரல் நுனியில் ஜாம் தடவி நீட்டினான். மூக்குக்கு நேரே ஜாம் வந்ததும் அது தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பியது. அந்தத் திருப்பல்தான் அவனைத் தைத்தது. சாப்பிடாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்கிறது அல்லவா!

எங்கள் அம்மா இஸ்தோப்பிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள்: "வாயப் பொளந்து ஊத்துடா. ஒங்க மாமனுக்கு அப்படித்தான் ஊத்துனேன்."

உண்மைதான். காலை இடுக்கிப் பிடித்து, மூக்கை அமுக்கி, வாய் திறந்த நொடியில் சங்கைக் கவிழ்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அன்பு என்றால் ஊட்டுவது. மறுப்பு என்றால் பிடிவாதம். பிடிவாதத்துக்கு மருந்து பலம். எங்கள் வீடுகளில் சாப்பாட்டை மறுப்பதற்கு எப்போதும் ஏதோ ஒரு பொருள் இருக்கும். கணவனோடு சண்டையா, மருமகள் மேல் வருத்தமா, கல்யாணத்துக்குச் சம்மதமில்லையா, தட்டைத் தள்ளினால் போதும், வீடு முழுக்கக் கேட்கும். அதனால் ஒரு நோயாளி தட்டைத் தள்ளும்போதும் நம்மை ஏதோ சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறோம்.

பேராதனையில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மாடும் ஆடுமாகக் காலம் தள்ளும் என் கூட்டாளி ஒருவனைத் தொலைபேசியில் பிடித்தேன். சிரித்துவிட்டுத்தான் பேசினான். பூனைக்கடி என்றால் கிருமி உள்ளே போயிருக்கும், அன்டிபயோட்டிக் வேண்டும், ஆனால் இந்த எடைக்கு நீ நினைக்கிற துளிகூட அதிகம், நான் சொல்கிற அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கரை, வாயைத் திறக்காதே, தாடை ஒடிந்துவிடும், மூக்கு நுனியில் ஒரு சொட்டு வை, பல்லி என்றால் நக்கும் என்றான். கடைசியில் கேட்டான்: "அது எங்க இருக்கு? சூடா இருக்கா?"

எல்ல கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேல். மார்கழி, தை இரவுகளில் 15 பாகைக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நாங்கள் கம்பளிக்குள் புகுந்துகொள்கிறோம். பல்லிக்குக் கம்பளி போர்த்தினாலும் பயனில்லை, கம்பளி தரும் சூடு உள்ளிருக்கும் உடம்பின் சூடு. பல்லி தன் சூட்டை வெளியிலிருந்து வாங்குகிற பிராணி. குளிர்ந்து கிடக்கும் பல்லியின் வயிற்றில் பூச்சியைத் திணித்தால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகும். மருந்தும் அப்படித்தான், உடம்பு சூடாகாமல் சரியாகப் பரவாது. முதலில் சூடு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் சாப்பாடு என்றான் கூட்டாளி. ஜாமை விட்டுத் தலையைத் திருப்பியபோது மணி பிடிவாதம் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த உடம்புக்கு அதுதான் சரியான கணக்கு. அவசரமும் இல்லை: சும்மா கிடக்கும் பல்லிக்கு, அதே எடையுள்ள சுண்டெலிக்கு வேண்டியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தீனி போதும். என்ன, வாலில்தான் பல்லி கொழுப்பைச் சேமித்து வைக்கும். மணியின் அந்தக் கையிருப்பைப் பூனை தின்றுவிட்டது.

சூட்டுக்கு எங்கே போவது? குண்டு பல்ப் வாங்கலாம் என்று எல்ல டவுனில் ஏறி இறங்கினேன். வெள்ளைக்காரர்களுக்கு அவக்காடோ தோசை கிடைக்கிற ஊரில் நாற்பது வாட் குண்டு பல்ப் கிடைக்கவில்லை. எல்லாம் எல்ஈடி, வெளிச்சம் தரும், சூடு தராது. கடைசியில் அடுப்படித் தட்டில், புகை நேரே படாத மூலையில் டப்பா ஏறியது. ராத்திரிக்குச் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். டப்பாவின் சுவரில் தண்ணீர் தெளித்தபோது, சற்று நேரம் கழித்து, மணி அதில் ஒரு துளியை நக்கியது. அந்த நாக்கு இளஞ்சிவப்பாக, அகலமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நக்கிவிட்டு அதே நாக்கால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டது. இமை இல்லாத பிராணிக்கு நாக்குதான் இமை.

மருந்தை மட்டும் நக்கவே இல்லை. மூக்கில் வைத்த சொட்டு வழிந்து டப்பாவில் விழும்.

இந்த இடத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மெத்தியூ குளுகரைச் சொல்ல வேண்டும். 1975இல் அவரும் கூட்டாளிகளும் பாலைவன இக்குவானா என்ற பல்லியினத்துக்குக் கிருமியை ஏற்றி, வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். சூடு குறைந்த அறையில் இருந்தவை பெரும்பாலும் செத்தன. சூடு கூடிய அறையில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. போக விட்டால் நோயுற்ற பல்லி தானே சூடான மூலையைத் தேடிப் போகும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. தனக்குத் தானே காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளும் வழி அது. மறு வருஷம் இன்னொரு சோதனை: கிருமி ஏறிய பல்லிகளுக்குக் காய்ச்சலைத் தணிக்கும் மருந்து கொடுத்தார்கள். மருந்தையும் மீறிச் சூடேறியவை பிழைத்தன. மருந்து வேலை செய்து சூடு இறங்கியவை செத்தன.

இதைப் படித்ததும் 'மருந்தே வேண்டாம், உடம்பு பார்த்துக்கொள்ளும்' என்று கிளம்பிவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். இயற்கை வைத்தியம் என்ற பெயரில் பேசுகிற பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. 2016இல் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்சிடோவின் குழு சுண்டெலிகளில் பார்த்தது வேறு கதை. பக்டீரியா தாக்கிச் சாப்பிடாமல் கிடந்த எலிகளுக்கு வலிந்து ஊட்டினால் அவை செத்தன. இன்ஃபுளுவன்சா வைரஸ் தாக்கியவற்றுக்கு ஊட்டினால் பிழைக்கும் வாய்ப்புக் கூடியது. ஒரே பட்டினி, ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு எலியும் ஒன்றுபோல மூலையில் சுருண்டுதான் கிடக்கும்.

உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் பல்லி அதற்கும் இடம் தராது. சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதே, தெம்பாகத்தான் இருக்கிறது என்று பையன் ஒருநாள் சந்தோஷப்பட்டான். பல்லி சுவரைப் பிடிப்பது தெம்பால் அல்ல, விரலடியிலுள்ள லட்சக்கணக்கான நுண்மயிர்களால். செத்த பல்லியின் பாதமும் உயிருள்ளதைப் போலவே அழுத்தமாக ஒட்டும் என்று 2014இல் கலிபோர்னியாவில் அளந்தே காட்டினார்கள். இதை நான் அவனிடம் சொல்லவில்லை.

எங்கள் அப்பாயி சாப்பாட்டை நிறுத்தியது இதே தோட்டத்து லயத்தில். எண்பதைத் தாண்டியவள். கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்திய தடம் நெற்றிக்கு மேலே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். கஞ்சியைக் கரண்டியில் எடுத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். "வேணாம்யா" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. பார்க்க வந்த சனம் உள்ளே நுழையும்போதே கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஒண்ணும் ஏத்தலையா?"

ஏற்றுவது என்றால் சேலைன். எங்கள் தோட்டங்களில் சேலைன் போத்தலுக்கு இருக்கும் மரியாதை சாமிக்கு அடுத்தபடி. ஐந்நூறு மில்லிலீற்றர் சேலைனில் உள்ளது நாலரைக் கிராம் உப்பு, மற்றதெல்லாம் தண்ணீர். சீனி கலந்த போத்தல் என்றாலும் உள்ளே இருபத்தைந்து கிராம் சீனிதான், தேத்தண்ணிக்குப் போடுகிற ஐந்தாறு கரண்டி. தண்ணீர் வற்றிப்போன குழந்தைக்கு அது உயிர். அடங்கிக்கொண்டு வருகிற கிழவிக்கு அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் கையிலும் காலிலும் வீங்கும், நெஞ்சில் சளியாகக் கரகரக்கும். அப்பாயிக்கு அதுதான் நடந்தது. முச்சக்கர வண்டியில் ஏற்றி, நரம்பு கிடைக்காமல் இரண்டு கையும் கன்றிப்போய், போத்தல் இறங்கி, திரும்பி வந்தாள். லயத்துச் சனம் மனம் ஆறிப் போனது. ஆறியது அவர்கள் மனம். அப்பாயிக்கு ஒன்றும் ஆறவில்லை.

நம் ஊர் வழக்கத்துக்கு இது தெரியாமல் இல்லை என்பதுதான் ஆச்சரியம். சாகக் கிடப்பவர் வாயில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக வந்து பால் விடுகிறார்களே, அது பசி தீர்க்கும் அளவா? உதடு நனைகிற அளவு. கடைசிக் காலத்தில் பசி தானாக அடங்கிவிடும், உலர்ந்த வாயை நனைத்துக்கொண்டிருந்தால் போதும் என்று இன்றைய நோய்த்தணிப்பு மருத்துவம் சொல்வதும் கிட்டத்தட்ட அதே அளவைத்தான்.

ஆனால் பாலுக்கும் இன்னொரு முகம் உண்டு. தமிழ்நாட்டில் விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று சொல்வார்கள். படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் குடிக்கவைத்து முடித்துவிடுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பால் ஊற்றுவதும் அதில் ஒரு முறை. அதைப் பேசிய 'பாரம்' என்ற படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. வேண்டாம் என்கிறவரை விட்டுவிடுங்கள் என்று நான் லேசாகச் சொல்லத் தயங்குவது இதனால்தான். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு விழும் பேருக்கு, 2024இல் உயர்த்திய பிறகும் 1,350 ரூபாய்தான் கிடைத்தது. கிழவியைப் பார்க்க ஒருத்தி வீட்டில் நின்றால் அந்தப் பேர் விழாது. அந்த வீட்டில் 'அவளே வேண்டாம் என்கிறாள்' என்ற வாக்கியம் யாருக்கு வசதி என்று யாராவது கேட்டாக வேண்டும்.

வாய் உள்ளவர் விஷயத்தில் உலகம் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. தெளிந்த புத்தியோடு உண்ணாவிரதம் இருப்பவருக்கு வைத்தியர் வலிந்து ஊட்டக்கூடாது என்று 1991இன் மால்டா பிரகடனத்தில் உலக மருத்துவச் சங்கம் சொன்னது. அதற்குப் பிறகுதான் மணிப்பூரில் உண்ணாவிரதம் இருந்த இரோம் சர்மிளாவுக்கு 2000இலிருந்து 2016 வரை மூக்கில் குழாய் வைத்து ஊட்டினார்கள் என்பது வேறு விஷயம். பல்லிக்கும் பச்சைப்பிள்ளைக்கும் புத்தி மங்கிய பாட்டிக்கும் எந்தப் பிரகடனமும் இல்லை. அவர்கள் தலை திருப்புவதற்கு நாமாக ஒரு பொருள் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லுமுன் சூடு இருக்கிறதா, வாய் உலர்ந்திருக்கிறதா, வலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், மீதி மறுப்பு எவ்வளவு என்று ஓரளவு தெரியும். அந்த மீதியை மதிக்கலாம் என்பது என் கட்சி.

மணிக்கு மருந்தை நிறுத்திவிட்டோம். கூட்டாளியும் சரி என்றான். சொட்டு வைக்க ஒவ்வொரு தடவையும் பிடிப்பதில் அது படும் பாடு மருந்தின் பலனைவிட அதிகம் என்றான். சூடும் தண்ணீரும் தொடர்கின்றன. நேற்று ஒரு கொசுவைப் பிடித்தது என்கிறான் பையன், நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் அடுப்படியில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். அப்பாயி கதை வந்தது, சேலைன் வந்தது, உப்பின் அளவு வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாவிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்:

"நீ படிச்சவன், சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்கு முடியாமப் போனா ஏத்திரணும். மகன் சும்மா பாத்துக்கிட்டு இருந்தான்னு லயத்துல பேச வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"வீங்கும்மா."

"வீங்கட்டும்."

சரி என்று சொல்லியிருக்கிறேன்.